வாடகைக்கோ விற்பனைக்கோ வீட்டைத் தயார் செய்யும் ‘ஹோம் ஸ்டேஜிங்’: பிள்ளைகள் வளர்ந்த பிறகு பகுதிநேரமாகத் தொடங்கலாமா?

வாடகைக்கு வீடு தேடும் ஆப் எதையாவது திறந்து பத்து விளம்பரங்களைப் பாருங்கள். பாதி மூடிய ஜன்னல், மூலையில் சாய்த்து வைத்த துடைப்பம், மூடி திறந்து கிடக்கும் டாய்லெட், பாத்ரூம் கண்ணாடியில் புரோக்கரின் செல்போன் ஃப்ளாஷ். வீடு நல்ல வீடுதான், ஏரியாவும் ஓகே. ஆனாலும் விரல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

அந்த ஃபோட்டோவை எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் வந்து, அடைசலை அகற்றி, வெளிச்சத்தைச் சரிசெய்து, நாலு பொருளை இடம் பார்த்து வைத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்கிறார்கள்.

பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியதும் ‘இனி என்ன பண்ணலாம்?’ என்று யோசிக்கும் பெண்களுக்குப் பொருந்தக்கூடிய வேலை இது. பட்டம் கட்டாயமில்லை, பெரிய முதலீடு வேண்டாம், வேலை பெரும்பாலும் பகலில் முடிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு வீட்டு வேலை மாதிரியே இருப்பதால் காசு கேட்க இவருக்குக் கூச்சம், கொடுக்க அவருக்கு மனசு வராது. இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஹோம் ஸ்டேஜிங் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வீடு விற்பனை முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-ல் இதைத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. ‘உங்கள் வீடு குப்பையாக இருக்கிறது’ என்று உரிமையாளரிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது. அதனால் ‘நாடகத்துக்கு மேடை அமைப்பதுபோல விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்வோம்’ என்று பேசினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது இன்டீரியர் டிசைனிலிருந்து வேறுபட்டது. இன்டீரியர் டிசைனர் அங்கே வாழப்போகிறவரின் ரசனைக்கு வேலை செய்கிறார். ஸ்டேஜிங் செய்பவர், இன்னும் யாரென்றே தெரியாத ஒருவர் உள்ளே வந்து நின்று ‘இங்கே நம்ம கட்டில் போடலாம், இங்கே டைனிங் டேபிள்’ என்று கற்பனை செய்யும்படி வீட்டை வைக்கிறார். சுவரை இடிப்பதில்லை, மரவேலை செய்வதில்லை. சில நாட்களில் முடியும் வேலை.

அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசிய சங்கம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், வாங்குபவர் தரப்பு முகவர்களில் 81 சதவீதம் பேர், ஸ்டேஜிங் செய்த வீட்டைத் தன் வருங்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிதாக இருக்கிறது என்றார்கள். இது முகவர்களின் கருத்து. விலை இத்தனை சதவீதம் ஏறும் என்பதற்கான உத்தரவாதமாக இதை யாரிடமும் காட்டக் கூடாது.

நம் ஊரில் யாருக்குத் தேவை?

நம் ஊரில் பில்டர்கள் ‘மாதிரி வீடு’ என்ற பெயரில் இதை வெகு காலமாகச் செய்கிறார்கள். தனிநபர் வீடுகளுக்கு இதைச் செய்யலாம் என்பதுதான் பலருக்குப் புதிது. சென்னை போன்ற நகரத்தில் நான்கு வகை வாடிக்கையாளர்களை எதிர்பார்க்கலாம்.

முதல் வகை, வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும் ஃபிளாட் ஓனர்கள். ஓ.எம்.ஆரில் வீடு, ஓனர் சிங்கப்பூரில். சாவி பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம். பழைய குடித்தனக்காரர் காலி செய்ததும் உள்ளே போய்ப் பார்க்கக்கூட ஆள் இல்லை. இரண்டாவது, பழைய ஃபிளாட்டை விற்பவர்கள். மூன்றாவது, ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மென்ட் நடத்துபவர்கள். இவர்களுக்கு ஃபோட்டோதான் கடை வாசல். நான்காவது, தங்கள் விளம்பரம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைக்கும் புரோக்கர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வகையே நல்லது. ஓனருக்கு நேரில் வர முடியாது. நம்பிக்கையான ஒருவர் போய்ப் பார்த்து, வீடியோ அனுப்பி, வேலையை முடித்துத் தந்தால் அதன் மதிப்பு அவருக்கு உடனே புரியும்.

வேலை நாளில் என்னென்ன நடக்கும்?

அழகுபடுத்துவது கடைசிக் கட்டம். அதற்கு முன் வருவது எல்லாம் சுத்தம், பழுது, வெளிச்சம்.

வாசனை: மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஃபிளாட்டில் முதலில் மூக்கில் அடிப்பது சாக்கடை நாற்றம். பலர் உடனே ரூம் ஸ்ப்ரே அடிப்பார்கள். காரணம் பெரும்பாலும் பாத்ரூம் தரைவடிகாலில்தான் இருக்கும். அங்கே தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் கழிவுக் குழாயின் வாடையும் கரப்பான்பூச்சியும் நேராக உள்ளே வரும். ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பாத்ரூம்: போர் தண்ணீர் உள்ள வீடுகளில் குழாயிலும் டைல்ஸிலும் உப்புக் கறை படிந்திருக்கும். ஆசிட்டை அப்படியே ஊற்றினால் குழாயின் பளபளப்பு போய்விடும், மார்பிள் அரித்துவிடும். குழாய்க்கு வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்துத் துடைப்பது பாதுகாப்பு. மார்பிள் பக்கம் வினிகரும் ஆகாது.

அடைசல்: ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால் பிரிட்ஜ் மேலே உள்ள டப்பாக்கள், கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிகள், வாசலில் குவிந்த செருப்புகள் எல்லாம் இடம் மாற வேண்டும். லாஃப்டை மட்டும் அடைத்துவிடக் கூடாது. வீடு பார்க்க வருபவர் அதையும் திறந்துதான் பார்ப்பார்.

வெளிச்சம்: ஒரே ஹாலில் ஒரு பல்ப் வெள்ளை, இன்னொன்று மஞ்சள் என்றால் ஃபோட்டோவில் சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். ஒரு அறைக்கு ஒரே நிற பல்ப். பியூஸ் போனதை மாற்ற வேண்டும். பால்கனியில் புறா எச்சத்தைக் கழுவி, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாலே அறை ஒரு சுற்று பெரிதாகத் தெரியும்.

பொருட்கள்: காலி வீட்டை முழுக்க ஃபர்னிச்சரால் நிரப்பத் தேவையில்லை. ஹாலில் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும், படுக்கையறையில் வெள்ளை விரிப்புடன் ஒரு கட்டில், நல்ல திரைச்சீலை, ஒரு செடி. தரையில் பவானி ஜமக்காளமோ பத்தமடைப் பாயோ விரித்தால் போதும், வீட்டுக்கு ஒரு உயிர் வந்துவிடும். பூஜை இடத்தைக் காலியாக, சுத்தமாகக் காட்டுவது முக்கியம். ‘விளக்கு எங்கே வைக்கிறது?’ என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய.

ஃபோட்டோ: பகல் வெளிச்சத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, டாய்லெட் மூடியை மூடி, செல்போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து அறையின் மூலையிலிருந்து எடுக்க வேண்டும்.

பிள்ளை வளர்த்த அனுபவம் எங்கே கைகொடுக்கும்?

‘பத்து வருஷம் வீட்டுலதான் இருந்தேன், எனக்கு என்ன தெரியும்?’ என்பது பலரும் சொல்லும் வார்த்தை. இந்த வேலைக்குத் தேவையானதை எழுதிப் பார்த்தால் பதில் கிடைக்கும். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கிளீனிங் ஆட்கள் மூவரையும் ஒரே நாளில் வரவழைத்து, ஒருவர் வேலை இன்னொருவருக்கு இடைஞ்சல் ஆகாமல் பார்த்துக்கொள்வது. எந்தக் கறை எதில் போகும் என்று தெரிந்திருப்பது. கொடுத்த பட்ஜெட்டுக்குள் முடிப்பது. குழந்தைகளோடு வருபவர் பால்கனிக் கம்பியின் இடைவெளியைத்தான் முதலில் பார்ப்பார் என்று அறிந்திருப்பது.

இன்னொன்றும் உண்டு. குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டில் கல்யாண ஃபோட்டோவைக் கழற்றச் சொல்வதும், பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த சுவருக்கு பெயின்ட் அடிக்கச் சொல்வதும் எளிதல்ல. ‘அந்தச் சுவரை முதல்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கலாம்மா, அப்புறம் பெயின்ட் அடிக்கலாம்’ என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பார்கள்.

கற்றுக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. அளவெடுத்து எளிய வரைபடம் போடுவது, நல்ல ஃபோட்டோ எடுப்பது, எஸ்டிமேட் எழுதுவது. இவற்றுக்கு ஆன்லைன் வகுப்புகள் உண்டு. சான்றிதழ் சட்டப்படி கட்டாயம் கிடையாது. அதனால் பெரிய தொகை கட்டும் முன் தன் வீட்டையும் தெரிந்தவர் வீட்டையும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

நேரம் ஒத்துவருமா?

பல அபார்ட்மென்ட் சங்கங்கள் சாமான் ஏற்றி இறக்குவதைப் பகல் நேரத்தில் மட்டும்தான் அனுமதிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. வீடு பார்க்க மக்கள் வருவது சனி, ஞாயிறு. ஆகவே தயார் செய்யும் வேலை வார நாட்களில், பள்ளி நேரத்துக்குள் அடங்கிவிடும். மாதம் இரண்டு வீடு, மூன்று வீடு என்று வரம்பு வைத்துக்கொள்ளவும் முடியும்.

ஆனால் நேரத்தை உருவாக்குவது தனிப் போராட்டம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2024-ன்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019 ஆய்வில் இது 299-க்கு 97. பெண்களின் நேரம் ஐந்தாண்டுகளில் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. வெளியே ஐந்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து வீட்டில் இன்னொரு ஐந்து மணி நேரம் பார்ப்பது என்றால் எந்தத் தொழிலும் ஆறு மாதம் தாங்காது.

அதனால் விசிட்டிங் கார்டு அடிப்பதற்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்விகள் சில: வேலை நாளில் பிள்ளையை ஸ்கூலிலிருந்து யார் அழைத்து வருவது? காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது? அன்றைக்குச் சமையல் யாருடையது? ‘பார்த்துக்கலாம்’ என்ற பதில் வந்தால், கடைசியில் பார்த்துக்கொள்வது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதே அபார்ட்மென்ட்டில் இன்னொரு அம்மாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால், ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் போகலாம்.

2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியிருக்கிறார். கூப்பிட்ட நேரத்துக்கு வர முடிகிறவருக்கு அதிகச் சம்பளம் தரும் வேலைகளில், நேரத்தை விட்டுக்கொடுக்க முடியாத தாய்மார்கள் பின்தங்குகிறார்கள். நேரம் நம் கையில் இருக்கும் வேலைகளில் வருமானம் குறைகிறது. ஹோம் ஸ்டேஜிங்கும் முழுநேரச் சம்பளத்துக்கு ஈடாகாது. வேலைகள் சீராக வரவே பல மாதங்கள் ஆகலாம். வீட்டு இ.எம்.ஐ. இந்த வருமானத்தை நம்பித்தான் என்றால் இது சரியான தொடக்கம் அல்ல.

எவ்வளவு கேட்கலாம்?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ‘ஒரு ஐயாயிரம் கொடுங்க’ என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார்கள். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட். முதல் விசிட் 2 மணி நேரம், பட்டியலும் எஸ்டிமேட்டும் 2, சுத்தம் செய்வதை மேற்பார்வையிட 4, பொருள் வாங்க 3, அடுக்க 5, ஃபோட்டோ 2, பொருட்களைத் திரும்ப எடுக்க 3. மொத்தம் 21 மணி நேரம். ஆட்டோ, குட்டி யானை வாடகை 1,200 ரூபாய். ஐயாயிரத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 3,800. மணிக்கு 181 ரூபாய்தான்.

மணிக்கு 400 ரூபாய் வேண்டும் என்று முடிவு செய்தால் உழைப்புக்கு 8,400, போக்குவரத்து 1,200. கட்டணம் 9,600 ரூபாய். சுத்தம் செய்யும் ஆட்கள், பெயின்ட், பல்ப், பொருள் வாடகை எல்லாம் தனி பில். அது ஒரு 7,000 என்று வைத்தால் ஓனருக்கு மொத்தச் செலவு 16,600.

இப்போது ஓனர் பக்கம். வாடகை 25,000, மெயின்டனன்ஸ் 3,500. வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு 950 ரூபாய் நஷ்டம். 16,600 என்பது பதினேழு, பதினெட்டு நாள் நஷ்டம். இரண்டு மாதமாக ஆள் கிடைக்காத வீட்டுக்கு இந்தச் செலவு நியாயம். போர்டு மாட்டிய வாரத்திலேயே போய்விடும் வீடு என்றால் சுத்தம் செய்து நல்ல ஃபோட்டோ எடுத்தாலே போதும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அடுத்த வீட்டுக்கு அவரே கூப்பிடுவார்.

‘நம்ம வீட்டுக்குத்தானே…’

முதல் வாடிக்கையாளர்கள் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ‘சும்மாதானே இருக்க, வந்து கொஞ்சம் அடுக்கிக் கொடேன்’ என்று அத்தையோ அண்ணியோ கேட்பார்கள். மறுக்கவும் முடியாது.

இதற்கு ஒரு வழி: முழுக் கட்டணத்தையும் பில்லில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே கழிவு போடுவது. ‘கட்டணம் 9,600, அறிமுகத் தள்ளுபடி 4,600, தர வேண்டியது 5,000’ என்று தாளில் இருந்தால், அந்த அத்தை நாளைக்கு இன்னொருவருக்குச் சொல்லும்போது ‘அவ பத்தாயிரம் வாங்குறவ, நமக்காகக் குறைச்சா’ என்பார். பில் இல்லாமல் செய்தால் ‘அவ சும்மாவே செஞ்சு தருவா’ என்பார். வேலை ஒன்றுதான், அடுத்த வாடிக்கையாளர் வரும் விதம் மாறிவிடும்.

தள்ளுபடிக்குப் பதிலாக, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபோட்டோக்களைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அப்படி மூன்று வீடுகள் சேர்ந்தால் அதுவே விளம்பரம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் ஏரியா புரோக்கர்களிடமும் காட்டலாம். பாதித் தொகையை முன்பணமாக வாங்குவதை முதல் வேலையிலிருந்தே பழக்கமாக்க வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது?

ஓதம் அடிக்கும் சுவருக்கு முன்னால் அலமாரியை நகர்த்தி மறைப்பது ஸ்டேஜிங் கிடையாது, ஏமாற்று. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். ‘அதை மட்டும் கொஞ்சம் மறைச்சிடுங்க’ என்று ஓனர் கேட்டால், எழுத்தில் மறுத்துவிடுவது பாதுகாப்பு.

‘வித்துக் கொடுங்க, ஒரு பர்சன்ட் தர்றேன்’ என்ற பேச்சுக்கும் மயங்கக் கூடாது. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் பெறுவது ரியல் எஸ்டேட் முகவர் வேலை. அதற்கு 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தில் பதிவு விதிகள் இருக்கின்றன. வீடு போனாலும் போகாவிட்டாலும் செய்த வேலைக்குக் கட்டணம் என்பதே சரியான ஏற்பாடு.

பொருட்களை வாங்கிக் குவிப்பது அடுத்த பொறி. சோபா வாங்கினால் அதை வைக்க இடம் வேண்டும். தொடக்கத்தில் விரிப்பு, திரைச்சீலை, குஷன் உறை, பல்ப், அளவு டேப், ஸ்க்ரூடிரைவர் அடங்கிய ஒரு பெட்டி போதும். ஃபர்னிச்சரை வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய நாற்காலி, மேஜை தேடலாம்.

பதிவு, வரி என்ன?

தனிநபராகவே தொடங்கலாம். குறு தொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். வருமான வரியில், இன்டீரியர் டெகரேஷன் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறை ஒன்று உண்டு. 44ஏடிஏ என்ற பெயரில் ஆடிட்டர்கள் அதைச் சொல்வார்கள். தங்கள் வேலை அதில் அடங்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்தால், சம்பாதித்த பணம் மளிகைச் செலவில் கரைந்து காணாமல் போகாது.

தொடங்கும் முன் ஐந்து விஷயங்கள்

1. வாரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைக்கும் என்று இரண்டு வாரம் எழுதிப் பார்க்க வேண்டும்.
2. வேலை நாளுக்கான வீட்டுப் பொறுப்புகளைப் பெயர் போட்டுப் பிரிக்க வேண்டும்.
3. மணிக்கு எவ்வளவு என்று ஒரு எண்ணை முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கீழே வேலை எடுத்தால் அது தள்ளுபடி என்று பில்லில் தெரிய வேண்டும்.
4. எஸ்டிமேட், முன்பணம், ஃபோட்டோ அனுமதி மூன்றுக்கும் ஒரு பக்கப் படிவம் தயார் செய்ய வேண்டும்.
5. முதல் ஆறு மாதத்தின் வரவு, செலவு, உழைத்த மணி நேரம் மூன்றையும் ஒரே நோட்டில் குறிக்க வேண்டும்.

ஆறாவது மாதம் அந்த நோட்டைத் திறந்து, வரவிலிருந்து செலவைக் கழித்து, மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் ஒரு எண் வரும். தொடரலாமா, கட்டணத்தை ஏற்றலாமா, வேறு வேலை பார்க்கலாமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.